துளையில்லாத பொத்தான்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

"இனிமே உன் குரலையே கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் மாமா வேலை பார்க்கும் துறைமுகத்துக்குப் பஸ் ஏறினீர்கள். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். செய்தாலும் பிரயோசனமில்லை, என் குரல் இப்போது கேட்கிற மாதிரி இல்லை. 'ச' வருகிற இடத்திலெல்லாம் வெறும் காற்று வருகிறது. காலையில் ஒருவரிடம் "சட்டை ரெடி சார்" என்றேன். மனிதர் திரும்பி, யார் விசிலடித்தது என்று தெருவைப் பார்க்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் விழுந்துவிட்டேன். முன்பல் பாதி உடைந்து போய்விட்டது. மேல்வரிசையில் நடுவில் இருக்கிறதே, நான் நூல் கடிக்கிற பல், அதுதான்.

எல்லாம் அந்தப் பொத்தானால் வந்தது. மாமா போனில் தம்பியிடம் பேசும்போது, "என் பங்கு சிப்பிப் பொத்தானை அனுப்பி வைக்கச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தீர்களாம். உங்கள் கொழுந்தனார் அதை அப்படியே வந்து என்னிடம் ஒப்பித்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் ஒரே கடையில் உட்கார்ந்தால் ஒரு மாதம் தாங்காது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் வெட்ட நான் தைக்க, எத்தனை வருடம் தாங்கினோம். ஓரகத்திகள் என்று சொன்னால் வாடிக்கைக்காரர்கள் நம்பமாட்டார்கள், அக்கா தங்கை என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் பொத்தானைப் பங்கு பிரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. சரி, கேட்டதைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

அந்த ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது என்று நீங்கள் இங்கே இருக்கும்போதே சொன்னீர்கள். ஆணி அடிக்கச் சொன்னேன். உங்கள் கொழுந்தனார் "நாளைக்கு" என்றார். அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் வராது. மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கால் மடங்கி, இஸ்திரி மேசை விளிம்பில் வாய் போய் மோதியது. டப்பா திறந்து கடை முழுக்கப் பொத்தான்.

புத்தியுள்ளவள் என்றால் அப்போதே கண்ணாடி பார்த்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் கிடைத்த லைனிங் துணியை வாயில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தான் பொறுக்கினேன். அழுதுகொண்டே பொறுக்கினேன். ஒன்றுகூட என்னிடம் தங்கக்கூடாது என்று அப்படி ஒரு வெறி. அள்ளி அள்ளித் துணிப்பையில் போட்டு, பையைத் தைத்து, அன்றைக்கே பார்சல் போட வைத்தேன். நாக்கு பட்ட பிறகுதான் பல் பாதி இல்லை என்றே தெரிந்தது.

மறுநாள் பல் டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசுதான், ஆனால் நிதானமானவர். முதல் கேள்வியே, "ஒடஞ்ச துண்டு எங்கம்மா?" அது இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாமாம். நம்முடைய பல்லே நமக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி. இல்லையென்றால் பசை மாதிரி ஒன்றை வைத்துக் கட்டலாம், ஆனால் இவ்வளவு பெரிய உடைசலுக்கு அது நீடித்து நிற்கும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் பல்லைச் சுற்றி ராவி உறை மாட்டுவதுதான் வழி என்றார். குளிர்ந்த பஞ்சை வைத்து நரம்பைச் சோதித்தார். நான் நாற்காலியிலிருந்து துள்ளியதைப் பார்த்து, "ரொம்ப நல்லது, உயிர் இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். இப்போதைக்கு உடைந்த இடத்தை மெல்லியதாக மூடி அனுப்பியிருக்கிறார். பதினைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் துண்டு கிடைத்தால் ஒட்டு, கிடைக்காவிட்டால் ராவல்.

துண்டைத் தேடினோம், தேடினோம், கடையைத் தலைகீழாகப் புரட்டினோம். உங்கள் கொழுந்தனார் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் தவழ்ந்தார். "பல்லு காந்தத்துல ஒட்டுமா?" என்றேன். "ஒட்டாட்டியும் தேடின மாதிரி இருக்கும்ல" என்கிறார்.

பக்கத்துக் கடைக் குடைக்காரர், பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைத்துக்கொண்டால் ஒரேயடியாகத் தொல்லை விட்டது என்கிறார். எனக்கு எதுவும் புரியவில்லை. மாமாவுக்குப் பல் போனபோது அலைந்தது நீங்கள்தான். உங்களைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பேன்? என்ன செய்யட்டும்?

பயமாக இருக்கிறது அக்கா.

இப்படிக்கு,
ஊசி

பி.கு.: வக்கீல் சட்டைக் காலர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.


ஜூன் 7

ஊசிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் போடுவதில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பேனா எங்கே என்று நான் கேட்கவே இல்லை, இவர் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு கிரேன் ஓட்டப் போய்விட்டார்.

முதலில் ஒன்று. பல்லைப் பிடுங்காதே. பிடுங்கச் சொன்ன குடைக்காரரை, ஒத்திகைக்கு அவர் பல்லில் ஒன்றைப் பிடுங்கிக் காட்டச் சொல். உயிருள்ள பல்லைத் தொல்லை என்று சொல்கிறவர் வாயில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாயா?

இவர் கதைதான் உனக்குத் தெரியுமே. கிரேன் கொக்கி ஆடி வாயில் பட்டு, பல் வேரோடு வெளியே வந்தது. உடனே திரும்பக் குழியில் வைத்திருந்தால் பிடித்திருக்கும், இல்லையென்றால் பாலிலாவது போட்டிருக்கலாம். இவர் சுத்தமான மனிதர் இல்லையா, பல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, கைக்குட்டையில் மடித்துக்கொண்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த டாக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்கு, ஆனா செத்துப்போச்சு" என்றார். அன்றிலிருந்து ராத்திரியானால் ஒரு பல் டம்ளரில் தூங்குகிறது. இன்றைக்கும் அவசரத்தில் அதைப் போடாமல் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி ஓடி வருகிறார். உனக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம்.

அதனால் நான் சொல்கிறபடி செய். முன்பல்லால் எதையும் கடிக்காதே. ரொம்பச் சூடு, ரொம்பக் குளிர்ச்சி வேண்டாம். நூல் பக்கம் வாயைக் கொண்டுபோகாதே. கத்தரி எதற்கு இருக்கிறது என்று நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். துண்டை மறுபடி தேடு. மெஷின் மிதிக்கு அடியில், பாபின் இழுப்பறையில், வெட்டுத்துணி மூட்டையில். மூட்டையைக் கொட்டி ஒவ்வொரு துணியாக உதறு. கிடைத்தால் தேய்க்காதே, தண்ணீரில் போட்டுவை. என் கொழுந்தனிடமிருந்து காந்தத்தைப் பிடுங்கிவிட்டுச் சல்லடையைக் கொடு.

அடுத்தது பார்சல். வந்து சேர்ந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை, பிரிக்கப் போவதும் இல்லை.

பொத்தானுக்காகவா கேட்டேன், மண்டு? இங்கே நான் யாருக்குச் சட்டை தைக்கப் போகிறேன்? அப்படிச் சொன்னால் உனக்கு ரோஷம் வந்து, போன் போட்டு வாய்க்கு வாய் சண்டை பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ என்னடாவென்றால் மூட்டை கட்டி அனுப்பிவிட்டாய். அந்தப் பையின் தையலைப் பார்த்தாலே தெரிகிறது, முடிச்சுக்கு மேல் முடிச்சு, எத்தனை ஆத்திரம். பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

காலரைப் பற்றி நீயாகப் பேச்செடுத்ததால் சொல்கிறேன். வக்கீலுக்குக் கழுத்து நீளம். அதற்குத் தகுந்த உயரத்தில் நான் வெட்டினேன். நான் வெட்டிய துணியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் கத்தரியாலேயே அரை விரல் அகலம் குறைத்தாய். கட்டினவர்கூட என் வெட்டில் கை வைத்ததில்லை.

வீக்கம் இருந்தால் வெளியிலிருந்து ஈரத்துணி ஒற்று. என்ன ஆயிற்று என்று எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

கத்தரி


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். நீங்கள் போன பிறகு என்னை யாருமே திட்டுவதில்லை. இங்கே எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள், கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாக உதறினேன். உங்கள் கொழுந்தனார் பஸ் ஓட்டி முடித்து வந்த களைப்போடு கடைத் தூசியை முழுக்கச் சல்லடையில் சலித்தார். நான் தொலைத்துவிட்டேன் என்று நீங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தீர்களே, அந்த விரல்கவசம் கிடைத்தது. உங்கள் மேசைக்கு அடியில் இருந்தது என்பதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பல் கிடைக்கவில்லை.

கடையில் நான் வாயைத் திறப்பதே இல்லை. அளவெடுக்கும்போது கையால் சைகை காட்டுகிறேன். இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு கர்வம் வந்துவிட்டது என்று ஒருத்தி காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். நேற்று ஒரு கைக்குழந்தை அதன் அம்மா தோளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன். அது உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. அவர்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் அழுதேன். போன் அடித்தால் எடுப்பதில்லை, மறுமுனையில் இருக்கிறவர்களுக்கு என் பேச்சு புரியாமல் "என்ன? என்ன?" என்று கேட்டால் உயிர் போகிறது.

பல் ஒரு சின்ன விஷயம்தான். கை கால் போனவர்கள் எவ்வளவோ பேர். ஆனாலும் அக்கா, வாயைத் திறந்தால்தான் நான் நானாக இருக்கிறேன். அது மூடிவிட்டால் மெஷினும் நானும் ஒன்று.

பதினைந்தாம் தேதி போய் ராவிக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மா நல்லபடியாகச் செய்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "ராவினது ராவினதுதான்மா, திரும்ப வளராது, அதான் துண்டக் கேட்டேன்" என்று அவரே வருத்தப்பட்டார். ராத்திரி படுத்தால் அந்த வார்த்தைதான் காதில் இருக்கிறது.

போன் செய்து சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்தீர்களா? நான் எத்தனையோ தடவை எண்ணை அழுத்திவிட்டுக் கடைசி எண்ணில் நிறுத்தியிருக்கிறேன். நீங்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயம். எடுக்காத போனைவிட அடிக்காத போன் மேல் என்று இருந்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பார்சலை நீங்கள் பிரிக்காவிட்டால் போகட்டும், வக்கீல் சட்டைக்காக அதிலிருந்து ஒரே ஒரு பொத்தான் மட்டும் எடுத்து அனுப்புங்கள். நான் இருந்த ஆத்திரத்தில் அவர் சட்டைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து அள்ளிவிட்டேன் போலிருக்கிறது, கழுத்துப் பொத்தான் குறைகிறது. மனிதர் வெளியூர் கேஸ் முடிந்து வந்து கேட்டால் என்ன சொல்வேன்? காலர் சண்டை நம்முடையது, அதில் வக்கீல் என்ன பாவம் செய்தார்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பேனா எடுத்துக் கொடுத்ததற்கு அவருக்கு என் நன்றி.

இப்படிக்கு,
ஊசி


ஜூன் 14, காலை

அடியே,

இந்தக் கடிதத்தை இவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்துக்கொண்டு நிற்காதே. முதலில் இவர் சட்டைப்பையைப் பிரி. பிரித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

பிரித்தாயா? நல்லது.

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. கைக்குழந்தை அழுத இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் வக்கீல் என்ன பாவம் செய்தார் என்று எழுதியிருந்தாய். நியாயம்தானே என்று கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தேன். உன் முடிச்சுகளைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு பொத்தான் எடுத்தால் போதும்தான். ஆனால் பொத்தானைக் கொட்டிய பிறகு என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். அளவு வாரியாகப் பிரித்து நூலில் கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

கோத்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் ஊசி நுழையவில்லை. கண்ணாடி போடாமல் கை வாட்டத்தில் செய்கிற வேலை. துளை அடைத்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிக் குத்திப் பார்த்தேன். இவர் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தார். "பாருங்க உங்க தம்பி பொண்டாட்டி லட்சணத்த, ஒடஞ்ச பொத்தானயும் சேத்து அனுப்பிருக்கா" என்றேன். உன்னை நல்லபடியாகத் திட்டுவதற்காகவே எழுந்துபோய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன்.

விளிம்பில் அந்தப் பள்ளம் இருந்தது. கடித்துக் கடித்து நூல் போட்ட பள்ளம். நீ சிரிக்கும்போதெல்லாம் என் கண்ணில் பட்டு என்னை எரிச்சல்படுத்துகிற பள்ளம். லட்சம் பல்லைக் கொட்டி வைத்தாலும் அது யாருடையது என்று நான் சொல்லிவிடுவேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயில் ரத்தத்தோடு நீ எனக்குப் பொத்தான் பொறுக்கியிருக்கிறாய். நான் வீம்பு பிடித்து இத்தனை நாளும் உன் பல்லுக்கு மேலேதான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அழுதேன். இவர் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சோப்புப் போட வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

உனக்குப் போன் செய்தேன். செய்துகொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை. என் கொழுந்தன் பஸ் ஓட்டும்போது போனை அணைத்துவிடுகிற யோக்கியன், அவனும் கிடைக்கவில்லை. இங்கே துறைமுகத்து ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் ஓடினேன். மூடப்போகிற நேரம். இத்தனை நாள் காய்ந்து கிடந்ததே, இனி உதவுமா என்று கேட்டேன். அவர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "விளிம்பு நொறுங்காம அப்படியே இருக்கு. தண்ணியில ஊறப் போடுங்க, ஒட்ட வாய்ப்பிருக்கு" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். வாய்ப்பிருக்கிறது என்றுதான் சொன்னார், ஒட்டிவிடும் என்று சொல்லவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்.

மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி, தண்ணீரில் பல்லைப் போட்டு, மூடி, பஞ்சு சுற்றி, இவர் சட்டைப்பையில் வைத்துப் பை வாயைத் தைத்துவிட்டேன். சொந்தப் பல்லையே காப்பாற்றத் தெரியாத மனிதரை நம்பி அனுப்புகிறேன், தைக்காமல் என்ன செய்வது? சாய்ந்து உட்காராதீர்கள், குனியாதீர்கள், பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்காதீர்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தையலைப் பல்லால் பிரித்தாய் என்று மட்டும் கேள்விப்பட்டேனோ, தெரியும் சேதி.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். கூப்பிடாத இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. இன்னொன்று, வந்தால் அந்தக் காலர் கண்ணில் படும்.

நாளைக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, உடனே தெரியப்படுத்து. ஒட்டாவிட்டாலும் எழுது. உறை போட்ட பல்லோடு இருந்தாலும் நீ நீதான். மெஷினும் நீயும் ஒன்று என்று எழுதியிருந்தாய். மெஷின் என்னை எதிர்த்து ஒரு நாளும் பேசியதில்லை. உனக்கும் அதற்கும் அந்த வித்தியாசம் எப்போதும் இருக்கும்.

கத்தரி

பி.கு.: வக்கீல் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அதில் துளை இருக்கிறது, பார்த்துவிட்டேன்.


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதும்போது நாக்கால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். இருக்கிறது. முழுசாக இருக்கிறது.

மாமா இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மாதிரி நடந்து வந்தார். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். என்னிடம் கடிதத்தை நீட்டிவிட்டு, "சீக்கிரம் பைய பிரிம்மா, காலைலேருந்து குனியல" என்றார். எனக்கு விஷயமே புரியவில்லை. நீங்கள் விட்டுப்போன பெரிய கத்தரி சுவரில் மாட்டியபடியே இருந்தது. நீங்கள் போன பிறகு அதை நான் தொட்டதில்லை. அதை எடுத்துத்தான் பிரித்தேன். நீங்கள் போட்ட தையல் அவ்வளவு நெருக்கம், அவ்வளவு ஒழுங்கு, பிரிக்க மனசே வரவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாமா முன்னால் அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் திரும்பி நின்றுகொண்டு, கிடந்த சுத்தியலை எடுத்து அந்த ஸ்டூல் காலுக்கு ஆணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கம்மா கெடச்சுது?" என்று கேட்டார். பொத்தானுக்கு நடுவில் ஊர் சுற்றிவிட்டு வந்தது என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கே முகமூடி நழுவியது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, துண்டைச் சின்ன இடுக்கியில் எடுத்து, என் பல்லில் சும்மா பொருத்திப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் வெட்டிய முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் வந்து சேருகிற மாதிரி, ஒரு இழை இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது. மருந்து தடவி, பசை வைத்து, நீல விளக்கைக் காட்டி ஒட்டினார். வலிக்கவே இல்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நான் முதலில் சொன்ன வார்த்தை "சட்டை." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி "சட்டை, சிப்பி, சண்டை" என்று சொல்லிப் பார்த்தேன். காற்று வரவில்லை அக்கா.

ஒட்டின துண்டு இப்போதைக்குக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. வெளியே கிடந்து காய்ந்ததால் அப்படியாம். வாயிலேயே இருந்து ஈரம் ஊற ஊற நிறம் சேர்ந்துவிடும் என்றார். கோபித்துக்கொண்டு வெளியூர் போன யாரோ ஒருத்தர் நினைவுக்கு வந்தார். நரம்பை இன்னும் கொஞ்ச காலம் கவனிக்க வேண்டும், பின்னால் வேர் வைத்தியம் தேவைப்பட்டாலும் படலாம், கடினமானதைக் கடிக்கவே கூடாது, நூல் என்ற பேச்சே கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்.

நமக்குள் நன்றி சொல்லிக்கொண்டதே கிடையாது. நீங்கள் நல்ல வெட்டு வெட்டினால் நான் நல்ல தையல் போடுவேன், அதோடு கணக்குத் தீர்ந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், திட்டாமல் கேளுங்கள். நன்றி அக்கா. பிரிக்கமாட்டேன் என்ற பையைப் பிரித்ததற்கு. எடுக்காத போனை விடாமல் அடித்ததற்கு. முன்பின் தெரியாத டாக்டரிடம் எனக்காக ஓடியதற்கு. இங்கே உங்கள் கொழுந்தனார் காந்தத்தோடு தவழ்ந்ததற்கு அவருக்கும் சொன்னேன். அவர், "நான்தான் சொன்னேன்ல, தேடினா கெடைக்கும்னு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "விளிம்புல ஒரு பள்ளம் இருக்கேம்மா, அதயும் இப்பவே அடச்சு வழவழன்னு ஆக்கிடட்டுமா? பல்லு புதுசு மாதிரி ஆயிடும்" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பொத்தானுக்கு நடுவில் நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது அந்தப் பள்ளத்தை வைத்துத்தானே. அதையும் அடைத்துவிட்டால், நான் மறுபடி தொலைந்துபோனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மாமாவை இங்கேயே பிடித்து வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கிற ஆடுகிற சாமான்களுக்கெல்லாம் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை பஸ்ஸுக்கு இந்தக் கடிதத்தோடு அனுப்பி வைக்கிறேன். பையைத் தைக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

வக்கீல் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வைத்துவிட்டேன். மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன், நான் குறைத்த அளவுதான் சரியென்று படுகிறது. இதைப் பல் முழுசாக இருக்கிற தைரியத்தில் சொல்கிறேன். நேரில் வந்து திட்டுங்கள். கூப்பிடவில்லை என்றீர்களே, இதோ கூப்பிடுகிறேன். வாங்க அக்கா.

இப்படிக்கு,
ஊசி


ஜூன் 18

அன்புள்ள ஊசிக்கு,

இவர் வந்து சேர்ந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, தன் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு கடிதத்தைப் படிக்க எனக்கு அவசரமே இல்லாமல் போய்விட்டது. ஆற அமர உட்கார்ந்து படித்தேன். பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் பல தடவை படித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் காகிதம் நனையும்.

கூப்பிட்டுவிட்டாய், வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ். இவருக்குத் துறைமுகக் கேன்டீன் சாப்பாடு என் சமையலைவிடப் பிடித்துப்போய்விட்டது என்று ஒரு மாதமாக வெளியே சொல்லாமல் தவித்துக்கொண்டிருந்தாராம். இப்போதுதான் ஒப்புக்கொண்டார். லீவு கிடைக்கும்போதெல்லாம் அங்கே வந்துவிடுவார். என் அளவு டேப்பையும் சாக்குக்கட்டியையும் எடுத்து வைத்துவிட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறவள் விருந்துக்கு வருகிறவள் இல்லை, புரிந்துகொள். பொத்தான் மூட்டையையும் கொண்டுவருகிறேன், பங்கு கிங்கு என்று இனி யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு குட்டிக் கத்தரி வாங்கியிருக்கிறேன், உனக்குத்தான். நூலைக் கண்டதும் உன் தலை குனிவதற்குள் கை அதற்குப் போகவேண்டும். அப்படிப் பழகுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வக்கீல் சட்டையை அதுவரை இஸ்திரி போடாதே. நீ காலரைக் குறைத்தது தப்பு என்று நேரில் நிரூபிக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வா. வந்து அழுது ஊரைக் கூட்டாதே. கொஞ்சம் தள்ளி நின்று, பல் தெரியச் சிரி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இறங்குவேன்.

உன் அக்கா,
கத்தரி